ஆச்சி சொல்ல வந்த காரியம்

(மருத்துவமனை நண்பர்களின் வருடாந்தரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் கொடுத்த செய்தி)

கர்த்தருக்குள் மிகவும் பிரியமானவர்களே,

கடந்த ஆண்டு முழுவதும் இந்த மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் தாங்கி வந்தீர்கள். பென்ஷன் பணத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து அனுப்புகிறவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடியரிசி சேர்த்து, அதை விற்று அனுப்புகிறவர்களும் வந்திருக்கிறீர்கள். உங்கள் ஒவ்வொருவருக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில் சுகம்பெற்று வீடு திரும்பியவர்களின் சாட்சியைச் சொல்லுவோம். பாம்பு கடித்துப் பிழைத்த சிறுவன், கண்ணில் புரை நீங்கி மறுபடி வேதம் வாசிக்கிற தாயார் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் இந்த ஆண்டு, சுகம்பெறாமல் போனவர்களைப் பற்றிப் பேசும்படி ஒரு பாரம் எங்கள் உள்ளத்தில் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் எண்பது வயதைக் கடந்தவர்கள். தங்கள் மரணத்தைப் பற்றி அவர்கள் எப்படி நினைக்கிறார்கள், அதற்கு எப்படி ஆயத்தம் பண்ணுகிறார்கள் என்பதை அவர்களுடைய கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதுவும் ஒரு பெரிய தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டோம். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எண்பத்தாறு வயதுள்ள ஒரு ஆச்சி எங்கள் பெண்கள் வார்டில் இருந்தார்கள். இருதயம் பலவீனப்பட்டு, கால்கள் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் நிலை. நான்கு தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். மருந்தில் வீக்கம் வடிந்தது. வீட்டுக்குப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் நாங்கள் வார்டில் ஜெபித்துக்கொண்டு வந்தபோது, ஆச்சி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயா, கொஞ்சம் உக்காருங்க. நான் போறதப் பத்தி உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்" என்றார்கள்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஆச்சி, அப்படியெல்லாம் பேசக்கூடாது. ஆண்டவர் இன்னும் ஆயுசைக் கூட்டித் தருவார். பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம். திரும்பிப் பார்த்தபோது ஆச்சி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். களைப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு வாரத்தில் மறுபடி மூச்சுத் திணறல் வந்தது. அன்று ஊரிலிருந்து வந்திருந்த மகன் பதறிப்போய், வாடகைக் கார் பிடித்து, நேரே நகரத்திலுள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் வைத்தார்கள். குழாயைப் பிடுங்காதபடி கைகள் இரண்டையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒருவர் மாத்திரம் போய்ப் பார்க்கலாம். ஒன்பதாம் நாள் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பக்கத்தில் குடும்பத்தார் ஒருவரும் இல்லை. அந்த மருத்துவமனையை நாங்கள் குறை சொல்லவில்லை. மூச்சுத் திணறலோடு வந்த ஒருவருக்குச் செய்யவேண்டியதை அவர்கள் செய்தார்கள். ஆச்சியின் மனதில் இருந்ததை அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

அடக்கத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அங்கே மகள் ஆச்சியின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு வெள்ளைப் பட்டுச்சேலை, அதற்கேற்ற ரவிக்கை, ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை. சபைச் சந்தா பாக்கியில்லாமல் கட்டிய ரசீதுகள், நூல் சுற்றிய கட்டாக இருந்தன. ஒரு உறையில் பிரேதப்பெட்டிக்கும் குழி வெட்டுகிறவர்களுக்கும் பணம், தனித்தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. எந்தக் கீர்த்தனை பாடவேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தது. கணவரின் கல்லறைக்குப் பக்கத்து இடத்துக்குச் சபையில் பணம் கட்டிய தாளும் இருந்தது.

மகள் எங்களைப் பார்த்து, "ஐயா, அம்மா எல்லாத்தையும் வச்சிருக்காங்க. ஆனா கடைசியில எங்க இருக்கணும், என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு ஒண்ணும் எழுதல. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்கள்.

எங்களிடம் பதில் இல்லை. சொல்ல வந்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. பெட்டிக்குள் வைக்கக்கூடிய எல்லாவற்றையும் ஆச்சி வைத்துவிட்டார்கள். வைக்க முடியாத ஒன்றைப் போதகரிடம் ஒப்படைக்க நினைத்தார்கள். போதகருக்கு அடுத்த கட்டிலுக்குப் போகவேண்டியிருந்தது.

பிரியமானவர்களே, இறையியல் கல்லூரியில் அடக்க ஆராதனை நடத்தக் கற்றுக்கொண்டோம். துக்க வீட்டில் ஆறுதல் சொல்லக் கற்றுக்கொண்டோம். அடக்கம்பண்ணப்படப் போகிறவரே அதைப் பற்றிப் பேசும்போது வாய்மூடி உட்கார்ந்து கேட்பதற்கு, ஆச்சியின் ஒன்பது நாட்கள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன. அன்றுமுதல் எங்கள் ஊழியத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம். எந்த முதியவராவது "நான் போறதப் பத்தி" என்று தொடங்கினால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவேண்டும். அப்படி உட்கார்ந்து கேட்டதில் அறிந்துகொண்ட சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

முதலாவது, மிகவும் வயது சென்றவர்களில் அநேகர் மரணத்துக்குப் பயப்படுகிறதைவிட, மரிக்கும் விதத்துக்கே பயப்படுகிறார்கள். நாற்பது வயதில் ஒருவருக்கு மரணம் அந்நியன். தொண்ணூறு வயதில் அது தெருவில் அடிக்கடி பார்த்த முகம். கணவரையும் மனைவியையும் உடன்பிறந்தவர்களையும் சிலவேளை பெற்ற பிள்ளையையும் அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "அங்கதான் ஐயா எனக்குத் தெரிஞ்சவங்க அதிகம்" என்று ஒரு பாட்டி சொன்னார்கள். அவர்களைக் கலங்கப்பண்ணுகிற காரியங்கள் வேறே. மூச்சுக்குத் திணறுவேனோ, வலியில் கத்துவேனோ, படுக்கையில் நாறிக் கிடப்பேனோ, நினைவு தப்பிப் பெற்ற மகளையே யாரென்று கேட்பேனோ, பிள்ளைகளைக் கடனாளியாக்கிவிட்டுப் போவேனோ, கடைசி நேரத்தில் தனியாக இருப்பேனோ என்பவையே அந்தப் பயங்கள். கவனித்துப் பாருங்கள். இவற்றில் அநேகத்தை மனுஷர் கூடி உட்கார்ந்து பேசிக் குறைக்க முடியும். பேசாவிட்டால் ஒன்றையும் குறைக்க முடியாது.

இரண்டாவது, அவர்களுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைகள் வராந்தாவில் மருத்துவரை ஓரமாக அழைத்துப்போய், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்கிறார்கள். அப்பாவோ எங்களை அருகே கூப்பிட்டு, "எனக்குத் தெரியும்னு பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் ஐயா, அழுவாங்க" என்கிறார். ஒருவரையொருவர் நேசிக்கிறதினாலேயே இரண்டு பக்கமும் நடிக்கிறார்கள். கடைசி நாட்கள் இப்படியே கழிந்துவிடுகின்றன. மன்னிப்புக் கேட்கவும், நன்றி சொல்லவும், ஆசீர்வதிக்கவும் கர்த்தர் கொடுத்த நாட்கள் அவை.

மூன்றாவது, முடிக்காத காரியங்கள். இங்கே வாத்தியார் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். வயிற்றில் புற்றுநோய் முற்றின நிலையில் வந்தார். அறுவை சிகிச்சை தாங்காது என்று மருத்துவர் அவரிடமே சொன்னார். தாத்தா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்ப வேலையப் பார்ப்போம்" என்றார்.

எங்களை அழைத்து, எழுதிக்கொள்ளச் சொன்னார். அடக்க ஆராதனை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. "வெயில்ல பிள்ளைகள் மயங்கி விழும்." தன் படம் போட்ட ஃபிளெக்ஸ் போர்டு சந்திக்குச் சந்தி வைக்கக்கூடாது, அந்தப் பணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டியின் ஒழுக்கை அடைக்கவேண்டும். கண்களைத் தானமாகக் கொடுக்கவேண்டும். "புரை ஆப்பரேஷன் பண்ணின கண்ணை வாங்குவாங்களா?" என்று கேட்டார். வாங்குவார்கள், கருவிழி தெளிவாக இருந்தால் வயதும் கண்ணாடியும் புரை அறுவையும் தடையில்லை, மரித்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்று சொன்னோம். அதையும் எழுதச் சொன்னார்.

பிறகு வெகுநேரம் மௌனமாக இருந்தார். "ஐயா, தம்பியக் கூட்டிட்டு வரமுடியுமா?" என்றார். முப்பது வருஷமாக வரப்புத் தகராறு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். ஒரே சபை, ஒரே திருவிருந்து; ஆனால் பேச்சு இல்லை. நாங்கள் போய்த் தம்பியைப் பார்த்தோம். அவருக்கும் எண்பத்துநான்கு வயது. முதலில் முடியாது என்றார். மூன்றாம் முறை போனபோது சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் வரப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கட்டிலண்டை வந்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை. தாத்தாதான் வாயைத் திறந்தார்.

"ஏல, சாப்பிட்டியா?"

"இல்லண்ணே."

"தம்பிக்கு இலையப் போடும்மா" என்று மருமகளிடம் சொன்னார். அவ்வளவுதான். வரப்பைப் பற்றி இருவரும் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. எத்தனையோ ஒப்புரவாகுதல் பிரசங்கங்கள் நாங்கள் செய்திருக்கிறோம். அந்தச் சாயங்காலம் கண்ட பிரசங்கம் எங்களால் செய்ய முடியாதது.

நான்காவது ஒன்றும் உண்டு; அது சற்று கடினமானது. "ஆண்டவர் என்னை மறந்துட்டாரா ஐயா? என் வயசுக்காரங்க எல்லாரும் போயாச்சு. என்னை ஏன் இன்னும் வச்சிருக்காரு?" என்று கேட்கிறவர்கள் அநேகர். முன்பு இதற்கு வசனத்தோடு உடனே பதில் சொல்லுவோம். இப்பொழுது முதலில், "இன்னைக்கு என்ன கஷ்டமா இருந்தது?" என்று கேட்கிறோம். சிலருக்கு அது ஆயுசு நிறைந்தவரின் ஓய்வு தேடும் மனம். அதில் பாவமும் இல்லை, அவிசுவாசமும் இல்லை. ஆனால் சிலருக்கு அது மனச்சோர்வு என்கிற நோய். தூக்கம் கெட்டு, சாப்பாட்டில் விருப்பமற்று, பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலராமல் வாரக்கணக்காக இருந்தால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். எண்பத்தைந்து வயதிலும் அதற்கு மருந்து உண்டு, குணமும் உண்டு. பிழைக்க விருப்பமில்லாத ஒருவரும் புறப்பட ஆயத்தமான ஒருவரும் வெளியே ஒரேமாதிரி தெரிவார்கள். ஆயத்தமானவர் காலையில் காப்பிக்கு ஆசைப்படுவார். வாத்தியார் தாத்தா கடைசி வாரத்தில்கூடக் கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பை நடச் சொன்னார்.

வேதத்தைப் பாருங்கள். தாவீது ராஜா யோர்தானைக் கடந்து எருசலேமுக்குத் திரும்புகிறபோது, தன்னை ஆதரித்த பர்சிலாவைத் தன்னோடு அரமனைக்கு வரும்படி அழைக்கிறான். இரண்டாம் சாமுவேல் பத்தொன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. பர்சிலாவுக்கு அப்பொழுது எண்பது வயது. உணவின் ருசியும் பாட்டின் இனிமையும் தனக்கு இனித் தெரியாது என்றும், ராஜாவுக்குப் பாரமாக இருக்க விரும்பவில்லை என்றும், தன் ஊரில் தாய் தகப்பன் கல்லறையண்டையில் மரிக்கவேண்டும் என்றும் சொல்லி, தனக்குப் பதிலாகக் கிம்காமை அனுப்புகிறான். எங்கள் வார்டில் நாங்கள் கேட்கிறதெல்லாம் அங்கே இருக்கிறது: பாரமாகக்கூடாது, சொந்த ஊர், தாய் தகப்பன் பக்கம், இளையவனுக்கு வழிவிடுதல். தாவீது என்ன செய்தான் என்பதையும் பாருங்கள். அவன் வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு, ஆசீர்வதித்து, வீட்டுக்கு அனுப்பினான். நேசிக்கிறவர்கள் சிலவேளை அப்படித்தான் செய்யவேண்டும். யாக்கோபும் தன்னை எங்கே அடக்கம்பண்ணவேண்டும் என்று யோசேப்பிடம் ஆணை வாங்கிக்கொண்டான். யோசேப்பு, "அப்படிப் பேசாதிரும் தகப்பனே" என்று தடுக்கவில்லை. ஆணையிட்டுக் கொடுத்தான், அதை நிறைவேற்றவும் செய்தான்.

நம்முடைய திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு மாதிரி உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டபின், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார்கள். 1951 ஜனவரியில் எண்பத்து மூன்றாம் வயதில் மரித்தார்கள். தன் கல்லறைமேல் நினைவுக்கல் வைக்கக்கூடாது என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் அதற்குக் கீழ்ப்படிந்து, பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே சொல்லை மாத்திரம் அதில் பொறித்தார்கள். முன்னமே சொன்னதினால்தான் பிள்ளைகளுக்கு வழி தெரிந்தது.

இனி நடைமுறைக் காரியங்கள். இவற்றைப் பிரசங்க பீடத்தில் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசாததினால் வந்த கண்ணீரை நாங்கள் பார்த்துவிட்டோம்.

உயில் எழுதுங்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, எழுதுகிறவர் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் அது செல்லும். பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயம் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: உயிலில் யாருக்குச் சொத்து எழுதுகிறீர்களோ அவரையோ அவருடைய கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். போட்டால் அவருக்கு எழுதினது செல்லாமல் போகும். உயிரோடிருக்கும்போதே வீட்டைப் பிள்ளைக்குத் தானமாக எழுதிக்கொடுக்கிறவர்கள், தங்களைப் பராமரிக்கவேண்டும் என்கிற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அப்படி எழுதிக்கொடுத்தபின் கைவிடப்பட்டவர் தீர்ப்பாயத்தை நாடி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம்.

நெருங்கிய உறவினருள்ள கிறிஸ்தவர் தர்ம ஊழியத்துக்கு உயில் எழுதுவதற்கு முன்பு சட்டத்தில் ஒரு விசேஷத் தடை இருந்தது. 2003-ல் உச்சநீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. இதை நன்கொடை கேட்பதற்காகச் சொல்லவில்லை. இந்த மருத்துவமனைக்கு ஏதாகிலும் எழுதிவைக்க விரும்புகிறேன் என்று சொல்லுகிற ஒவ்வொருவரிடமும், "முதலில் உங்கள் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வாருங்கள்" என்றே சொல்லி வருகிறோம். பிள்ளைகளின் மனக்கசப்போடு வருகிற காணிக்கை நமக்கு வேண்டாம்.

அடுத்தது சிகிச்சையைப் பற்றிய விருப்பம். ஆச்சி எங்களிடம் சொல்ல வந்தது ஒருவேளை இதுவாக இருக்கலாம். உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி கொடுத்த தீர்ப்பில், குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில் செயற்கை சுவாசம் போன்றவை வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே எழுதிவைக்கலாம் என்று சொல்லியது. முதலில் அதில் நீதித்துறை நடுவர் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அது இலகுவாக்கப்பட்டது. இப்பொழுது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்பாகச் சான்று பெற்றால் போதும். நமக்குப் பேச்சில்லாதபோது நமக்காகப் பேசவேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுதவேண்டும். மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புக்கொண்ட பின்பே அது நடைமுறைக்கு வரும். ஊசி போட்டு உயிரை எடுப்பதை நம் தேசத்தின் சட்டம் அனுமதிக்கவில்லை. நாமும் அதை விரும்பவில்லை. ஜீவனைக் கொடுத்தவர் கர்த்தர். அவர் அழைக்கும்போது வாசலில் கைகளைக் கட்டிப் பிடித்து வைக்காதிருப்பதைப் பற்றியே பேசுகிறோம்.

சிலர், "அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதா?" என்று கேட்கிறார்கள். இல்லை பிரியமானவர்களே, அப்பொழுதுதான் வேலை அதிகம். லண்டனில் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், கிறிஸ்துவின் அன்பினால் ஏவப்பட்டு, மரணத்தை நெருங்கியவர்களுக்கென்றே ஒரு இல்லத்தைத் திறந்தார்கள். நம் தேசத்தில் 1986-ல் மும்பையில் அப்படிப்பட்ட இல்லம் தொடங்கியது. 1993 முதல் கோழிக்கோட்டில் மருத்துவர்களும் ஊர் மக்களும் சேர்ந்து, வீடு தேடிப்போய் வலி நீக்கும் ஊழியத்தை வளர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இந்த வீட்டுப் பராமரிப்பு சேர்ந்திருக்கிறது. இதைத் தமிழில் நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறார்கள்.

எங்கள் செவிலியர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்கிறது எளிய காரியங்களே. படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க மருமகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். கடைசி நாட்களில் பசியும் தாகமும் தானாகக் குறைந்துபோகும், அப்பொழுது கட்டாயப்படுத்திப் புகட்டினால் புரையேறும், ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். "சாப்பாடு போடாமக் கொன்னுட்டோமே" என்கிற குற்ற உணர்ச்சியில் எத்தனை பிள்ளைகள் வருந்துகிறார்கள்! சாப்பிடாததினால் சாவு வரவில்லை. சாவு வருகிறதினால் சாப்பாடு நின்றது. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் மாத்திரை உண்டு. அது விலை குறைந்த மருந்து. மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டபின் மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்வதும் முன்னைவிட இலகுவானது.

வாத்தியார் தாத்தாவின் வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். கடைசிப் பதினெட்டு நாட்கள் அவர் தன் கட்டிலில், கொல்லைப்புற ஜன்னலுக்கு அருகே இருந்தார். வலி இல்லாமல் இருந்தார் என்று சொல்லமாட்டோம். தாங்கக்கூடிய வலியாக இருந்தது. தம்பி தினமும் வந்து உட்கார்ந்தார். ஒரு விடியற்காலையில் மருமகள் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. கண் வங்கிக்குத் தகவல் போனது. மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்தார்கள். எல்லாம் அவர் சொன்னபடியே. ஆராதனை ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. குழிமேட்டில் முதல் பிடி மண்ணைத் தம்பி போட்டார். வீட்டார் அழுதார்கள். ஆனால் "என்ன செய்திருக்கவேண்டும்" என்று ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பேரும் ஒரே கர்த்தரை விசுவாசித்தவர்கள், ஒரே பரலோகத்துக்குப் போனவர்கள். ஆச்சியின் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருவர் சொன்னதை உட்கார்ந்து கேட்க ஆட்கள் இருந்தார்கள். மற்றவர் சொல்ல வந்தபோது நாங்கள் எழுந்து போனோம்.

2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் பத்துக் கோடிக்கும் அதிகம். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவர். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, நம் சபைகளின் முன்வரிசைகளில் நரைத்த தலைகளே அதிகம் தெரிகின்றன. ஆகையால் உங்களிடம் இன்று கேட்கிற முதல் காணிக்கை பணம் அல்ல. வீட்டுக்குப் போய், உங்கள் குடும்பத்தில் அதிக வயதுள்ளவர் அருகே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். டெலிவிஷனை நிறுத்துங்கள். "அம்மா, உங்களுக்கு எது பயமா இருக்கு? யாரைப் பார்க்கணும்? எங்க இருக்க ஆசை? நாங்க என்ன செய்யக்கூடாது?" என்று மெதுவாகக் கேளுங்கள். ஒரே நாளில் பதில் வராது. கேட்டதே அவர்களுக்கு ஆறுதல். நீங்களே அந்த மூத்தவராயிருந்தால், பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே தொடங்குங்கள். "அப்படிப் பேசாதீங்க" என்பார்கள். "உங்களுக்காகத்தான் பேசுறேன்" என்று சொல்லுங்கள்.

ஜெபத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். தனியே வசிக்கிற முதியோரைச் சந்திக்கச் சபைதோறும் இரண்டு பேராவது முன்வரவேண்டும். வீடு வீடாகப் போகிற எங்கள் செவிலியர்கள் மரணத்தையே தினமும் பார்த்துச் சோர்ந்துபோகாதபடி கர்த்தர் அவர்களைத் தேற்றவேண்டும். கிராமங்களுக்குப் போகும் எங்கள் வாகனம் பழையதாகிவிட்டது. அந்தத் தேவையையும் கர்த்தர் சந்திக்கவேண்டும்.

ஆச்சியின் கல்லறைக்கு ஆண்டுக்கொரு முறை, கல்லறைத் திருநாளன்று போகிறோம். அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது. உயிர்த்தெழுதலின் நாளில் முதலில் அவர்களைத் தேடிப்போய், "ஆச்சி, இப்ப சொல்லுங்க" என்று உட்காரவேண்டும் என்பது எங்கள் ஆசை. அதுவரை, இங்கே இருக்கிற ஆச்சிமார் சொல்லுகிறதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

முதிர்வயதுமட்டும் நம்மைச் சுமக்கிற கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.